கேட்டுக்கு அந்தப் பக்கம்

ஐந்தாண்டுத் திட்டம் கேட்கிறது வங்கி.
நீடாமங்கலத்தில் என் ஆஸ்பத்திரி
எந்தத் திசையில் வளரும் என்று
மூன்று பிரதிகளில் எழுதித் தர வேண்டும்.

திருச்சியிலிருந்து ரெஜினால்டு வந்தார்.
மடிக்கணினியில் எனக்கொரு மாடி கட்டினார்.
கீழே மருந்துக்கடை, மேலே ஸ்கேன்,
அதற்கும் மேலே ஏசி அறை ஆறு.
"ஒரு நாளைக்கு எத்தனை பேர் வர்றாங்க டாக்டர்?"

எந்த நாளைக்கு?
சாதாரணமாக அறுபது.
நடவு நேரத்தில் இருபது,
காய்ச்சலையும் கரையில் வைத்துவிட்டு இறங்கிவிடுவார்கள்.
சம்பா அறுத்து
கொள்முதல் பணம் கணக்கில் ஏறிய வாரம் தொண்ணூறு,
ஆடியிலிருந்து சேர்த்து வைத்த வலியோடு.

மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து
ஐம்பத்தேழு என்று போட்டுக்கொண்டார்.
அந்த ஐம்பத்தேழு பேரை
நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

"மூணாம் வருஷம் நூத்தியிருபது."
திரையில் கட்டம் கட்டமாகப் பச்சை ஏறியது,
நாற்றங்கால் மாதிரி.
கேட்டேன்:
கூடுதலாக வரும் அறுபத்து மூன்று பேருக்கும்
உடம்புக்கு என்ன?
அவர் சிரித்தார்.
நான் நிஜமாகத்தான் கேட்டேன்.

பக்கிரிசாமி எந்தக் கட்டம்?
சேற்றில் நிற்கும் சர்க்கரைக் கால்.
சுண்டுவிரல் போன வருஷமே போய்விட்டது.
ஒழுங்காகக் கட்டு மாற்றி வந்தால்
என் பெட்டிக்குள் அவர் போடுவது
மாசம் இருநூறு, அதிலும் ஐம்பது பாக்கி.
விட்டுவிட்டால்
பதினோரு நாள் படுக்கை, ஒரு கத்தி, ஏசி வாடகை.
கணக்குப்படி
அந்தக் கால் கெட்டால்தான் இந்த மாடி எழும்பும்.

ஸ்கேனுக்குத் தவணை மாசம் ஒன்றே கால் லட்சம்.
தவணைக்குத் தலைவலியின் தராதரம் தெரியாது.
தலை உள்ளவர்களையெல்லாம்
உள்ளே அனுப்பச் சொல்லும்.

படிவத்தை மூடாமல் உட்கார்ந்திருந்த ராத்திரி
மேஜையைத் துடைத்துக்கொண்டே தவமணி சொன்னாள்:
"அந்த இளைப்புப் பையன நேத்து
கேட்டுலயே இருபத்தி மூணு நிமிஷம் நிறுத்திட்டாங்கம்மா.
நெல்லு வண்டிக்கு எஞ்சின் மாத்துனாங்களாம்.
வர்றப்ப உதடு நீலமா இருந்துச்சு."

இருபத்து மூன்று நிமிஷம்.
ரெஜினால்டின் பச்சையில் அதற்கு இடமில்லை.

மறுநாள் தண்டவாளம் தாண்டிப் போய்
மூடிக்கிடந்த ஓர் உரக்கடையைப் பார்த்தேன்.
பத்துக்குப் பன்னிரண்டு. வாடகை இரண்டாயிரத்து எண்ணூறு.
ஒரு கட்டில், ஆக்ஸிஜன் சிலிண்டர்,
மூச்சுக்கு மருந்து புகைக்கும் மெஷின்,
பகலுக்கொரு நர்ஸ், ராத்திரிக்கொரு நர்ஸ்.
மூன்று முறை கழுவியும்
யூரியா வாடை போகவில்லை.

மேனேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது வளர்ச்சியே இல்லியேம்மா.
அதே டாக்டர், அதே ஜனம்,
நடுவுல ஒரு ரயில்வே கேட்டு."
ஆமாம் சார் என்றேன்.
இதற்கெல்லாம் கடன் கிடையாதாம்.
ஏலச்சீட்டை ஒன்பதாயிரம் தள்ளி எடுத்தேன்.
தள்ளிய ஒன்பதாயிரம் இன்னும் உறுத்துகிறது.

திறந்து நாலாவது சாயங்காலம்.
கேட் போட்டாகிவிட்டது.
ஸ்கூட்டியோடு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம்
ஆட்டோவின் படியில் காலைத் தூக்கி வைத்து
எனக்குக் காட்டிக்கொண்டு பக்கிரிசாமி.
வண்டி வந்தது.
பெட்டி. கால். பெட்டி. கால்.
பெட்டிகளின் சந்தில்
கட்டின் வெள்ளை தெரிகிறதா என்று
கண்ணைச் சுருக்கினேன்.
நாற்பத்திரண்டு பெட்டி, எண்ணினேன்.
வேறென்ன செய்ய.

கடைசிப் பெட்டி போகுமுன்னே கத்தினேன்:
"தண்ணி படாமப் பாத்துக்கிட்டீங்களா?"

அவர் காதில் முதல் வார்த்தை மட்டும் விழுந்திருக்க வேண்டும்.
முகமெல்லாம் பல்லாகக் கத்தினார்:
"வெண்ணாத்துல வந்துருச்சு டாக்டரம்மா!
நாளைக்கு இறங்கணும்!"